எட்டு வாரப் பூஜ்யங்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிற்றுப் புண் மட்டும் வாடகைக்கு வந்தவர் மாதிரி காலி செய்ய மறுக்கிறது. உன் கழுத்து வலியும் மாமாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று முதலில் எழுது.

இங்கே எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். நீ சனிக்கிழமைதோறும் எழுதி அனுப்புகிறாயே, ரோஸ் தாள், அந்த வாராந்தர நோய் அறிவிப்பு தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. அறுபது சுகாதார நிலையங்கள் எழுதுகின்றன. இத்தனை தாளால் ஊரில் நோய் குறைந்ததா, இல்லை அலுவலகத்தில் தாள்தான் கூடியதா என்று பார்த்து நான் அறிக்கை தர வேண்டும். இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "பிரயோஜனம் இருக்குன்னா இன்னும் நூறு இடத்துல ஆரம்பிக்கலாம். இல்லேன்னா இழுத்து மூடிடலாம். மழுப்பாம எழுதுங்க" என்றார்.

என் அறையில் இப்போது நாற்காலிக்கு மட்டும்தான் இடம். மற்ற இடமெல்லாம் ரோஸ் கட்டுகள். நேற்று உன் நிலையத்துக் கட்டைப் பிரித்தேன். என் வீட்டுப்பாடத்தை எழுதிக் கொடுத்து, என்னோடு சேர்ந்து நீயும் அடி வாங்கினாயே, அதே கையெழுத்து. சிரிப்பு வந்தது. நீ எப்படிக் கணக்கெடுத்து எழுதுகிறாய் என்று விவரமாகச் சொல். புத்தகத்தில் இருப்பது வேண்டாம், நடப்பது வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


ஜனவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

கழுத்து அப்படியே இருக்கிறது. உன் மாமாவின் முழங்கால் அவர் சைக்கிள் கடையில் கிடக்கும் வண்டிகளைவிட மோசம். "ஊர்ல இருக்கிற சக்கரத்துக்கெல்லாம் கிரீஸ் போடறேன், என் காலுக்குப் போட ஆள் இல்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ காலையில் சாப்பிடாமல் அலுவலகத்துக்கு ஓடுவதை நிறுத்து, புண் தானாகக் காலி செய்யும்.

நடப்பதைக் கேட்டாய். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வெளி நோயாளிகளை முடித்துவிட்டு, மருந்து அறை மேசையில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு எண்ணுவேன். தாளில் பத்து நோய்கள், பத்துக் கட்டங்கள். எந்த வாரம் ஒருவர் முதலில் வந்தாரோ அந்த வாரத்தில்தான் அவரைச் சேர்ப்பேன். இரண்டாம் தடவை வந்தால் சேர்க்க மாட்டேன். ஒரு மணித் தபாலில் தாள் போய்விடும்.

ஏதாவது ஒரு நோய் ஐந்தைத் தாண்டினால் உங்கள் அலுவலகத்திலிருந்து குடிநீரைச் சோதித்துச் சுத்தம் செய்ய குளோரின் குழு வர வேண்டும் என்பது விதி. வருகிறார்களா என்று உன் அறிக்கையில் எழுதுவாயா? போன வருடம் ஒரு வாரம் பேதி ஒன்பது என்று எழுதினேன். ஐந்தாம் நாள் வண்டி வந்தது. சந்தைக்குப் பின்னால் குழாய் உடைந்து சாக்கடை கலந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்த வாரம் ஒன்றுமில்லை. அந்த ஒன்பதை எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் சாப்பிட ஆரம்பித்திருக்கிறேன். உன் மிரட்டல் இவ்வளவு தூரமும் வேலை செய்கிறது.

ஒரு சங்கடமான விஷயம். எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாகக் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். அறுபது நிலையங்களையும் வரிசைப்படுத்திவிட்டோம். முதல் வருட எண்ணிக்கைக்கும் ஐந்தாம் வருட எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. குறைந்திருந்தால் திட்டம் அங்கே வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பக்கத்துக் கிழக்கு நிலையம் முதலிடம். அவர்களுக்குக் கேடயம் தரப் போகிறார்கள். உன் நிலையம் அறுபதாவது. உன்னுடைய எண்ணிக்கை மூன்று மடங்கு கூடியிருக்கிறது.

கடைசிப் பத்து நிலையங்களின் பொறுப்பாளர்களை ஏப்ரல் முடிவில் இடம் மாற்ற வேண்டும் என்று பேச்சு. உன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். மாமா கடையை விட்டு எங்கே வருவார்? பதிவில் எங்காவது தவறு இருக்குமா என்று பார்த்துச் சொல். ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணியிருக்கலாம் அல்லவா?

தம்பி


பிப்ரவரி 18

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்தைப் படிக்கும்வரை இன்னும் நன்றாக இருந்தேன்.

ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணும் வழக்கம் எனக்கு இல்லை. பதிவேடு இங்கேயே இருக்கிறது. வந்து எண்ணிப் பார்.

கிழக்கு நிலையத்துக்காரி என்னோடு பயிற்சி எடுத்தவள்தான். நல்லவள், ஆனால் பயந்தாங்கொள்ளி. ஒரு தடவை ஆறு என்று எழுதினாள். நாற்பது கேள்வி கொண்ட படிவத்தோடு ஒரு அதிகாரி வந்து மூன்று நாள் உட்கார்ந்துவிட்டார். கழிப்பறையில் வாளி ஏன் விரிசல் விட்டிருக்கிறது என்றுகூட விளக்கம் கேட்டாராம். அன்றிலிருந்து, "எனக்கு எதுக்குடி வம்பு?" என்று பத்துக் கட்டத்திலும் பூஜ்யம் போடுகிறாள். அவளுடைய காய்ச்சல்காரர்கள் பஸ் ஏறி இங்கே வருகிறார்கள். அவர்களையும் நான்தான் எழுதுகிறேன். கேடயத்தில் பாதியை வெட்டி எனக்கு அனுப்பச் சொல்.

எழுதுகிறவளுக்குத் தண்டனை, எழுதாதவளுக்குப் பரிசு என்று ஒரு அளவை எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தான்? அவனைக் கேட்டுச் சொல்.

உன் மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். நான் சுகம்.

நீ சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அளவை எல்லாரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாகிவிட்டது. குழு வந்தது, குழாயைச் சரி செய்தது என்பதற்கெல்லாம் என் அட்டவணையில் கட்டம் கிடையாது. இப்போது மாற்றச் சொன்னால் ஒரு வருட வேலை குப்பைக்குப் போகும்.

ஒரு யோசனை சொல்கிறேன், கத்தாதே. இயக்குநர் கடைசியாக மார்ச், ஏப்ரல் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டுத்தான் பட்டியலை முடிவு செய்வார். அந்த எட்டு வாரம் மட்டும் தாளில் பூஜ்யம் போடு. கோடைக்கு முன்னால் உங்கள் ஊரில் பெரிதாக என்ன வரப்போகிறது? பதிவேட்டில் உண்மையை எழுதிக்கொள், மருந்தைக் கொடு, தாளில் மட்டும் விட்டுவிடு. நாற்பது நிலையங்கள் ஐந்து வருடமாகச் செய்வதை நீ எட்டு வாரம் செய்தால் வானம் இடிந்து விழாது. மாமாவை நினைத்துப் பார்.

தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். வெயில் ஆரம்பித்துவிட்டது. மருந்து அறை மின்விசிறி சத்தம் மட்டும் போடுகிறது, காற்று வருவதில்லை.

இடமாற்றத்துக்கு ஏன் உட்படுத்தக் கூடாது என்று விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வந்துவிட்டது. உன் மாமா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "நீ போ, நான் இங்க கடையைப் பாத்துக்கிட்டு திண்டாட்டமில்லாம இருந்துக்கறேன்" என்று சிரித்தார். பிறகு கடைக்குப் போகாமல் வாசலில் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தார்.

உன் யோசனை பற்றி எழுத ஒன்றுமில்லை.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று எனக்கு நல்ல நாள். நான்கு தாள்களும் வந்து சேர்ந்தன. நான்கிலும் பூஜ்யம். பத்துக் கட்டத்திலும் அழகாக, ஒரே அளவில் போட்டிருக்கிறாய். இயக்குநரிடம் காட்டினேன். "பரவாயில்லையே, இந்த நிலையம் தேறிடுச்சே" என்று உன் பெயரைப் பட்டியலிலிருந்து அவரே அடித்தார். பேனா மை காயும்வரை நான் அங்கேயே நின்றேன்.

இன்னும் நான்கே வாரம். பல்லைக் கடித்துக்கொள். உனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நன்றி, அக்கா.

வயிற்றுப் புண் கூட ஆறுகிறது. மாமாவிடம் சொல், கடையை விரிவுபடுத்தட்டும்.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தாள்கள் மட்டும் தவறாமல் வருகின்றன. அவற்றைப் பார்த்துத்தான் நீ நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மாமாவைப் பற்றி எழுதி எத்தனை நாளாகிறது? என் மேல் கோபம் என்றால் திட்டியாவது எழுது.

தம்பி


மே 8

தம்பிக்கு,

நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் மாமா பிழைத்துவிட்டார். இதற்கு முன்னால் உள்ளதை வரிசையாகச் சொல்கிறேன், படி.

நீ கேட்டபடி மார்ச் ஏழாம் தேதி முதல் பூஜ்யம் போட்டேன். அந்த வாரம் டைபாய்டு இரண்டு பேர். இரண்டுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டாம் வாரம் ஆறு. அதை எழுதியிருந்தால் குழு வந்திருக்கும். எழுதவில்லை. மூன்றாம் வாரம் எட்டு. ஒரு வாரம் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த வாரம் எட்டு என்று எழுதினால் முந்தைய பூஜ்யம் எப்படி வந்தது என்று கேட்பார்களே. ஒரு பூஜ்யத்தைக் காப்பாற்ற இன்னொரு பூஜ்யம் போட வேண்டியதாயிற்று. நான்காம் வாரம் ஒன்பது. அன்று நீ சொன்ன நான்கு அழகான பூஜ்யங்கள் இவைதான்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகப் போனேன். நான்காம் வாரமே பஸ் ஏறி மருந்துக் கிடங்குக்கும் போனேன். குளோரின் கேட்டேன். அங்கிருந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினார். "சிஸ்டர், உங்க தாள்ல பூஜ்யம்னு இருக்கே. இல்லாத நோய்க்கு நான் எப்படி மருந்து குடுக்கறது?" என்றார். என் கையெழுத்தை எனக்கே காட்டினார். வெறும் கையோடு திரும்பி வந்தேன்.

ஐந்தாம் வாரம் ஏழு. அதில் ஒருவர் உன் மாமா. அவர் பக்கத்து அறையில் நூற்று மூன்று டிகிரியில் புலம்பிக்கொண்டிருந்தார். நான் தாளில் பூஜ்யம் போட்டு உறையை ஒட்டினேன். அவரை விட்டுப் பிரியக் கூடாது என்றுதானே இத்தனையும்.

ஆறாம் வாரம் ஐந்து. எங்கள் நிலையத்துக்கு எதிரே தையல்காரர் கடை இருக்கிறது. அவருக்கு ஒரே மகள், ஒன்பது வயது. பொத்தான் என்று கூப்பிடுவார்கள். அந்த வாரம் வந்தாள். ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று என்னோடு பேரம் பேசினாள். இரண்டு வாரம் பார்த்தேன். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில், ஏப்ரல் இருபத்து நான்கு, பகல் பதினொன்றரைக்கு இறந்துவிட்டாள். நான் கூடவே வண்டியில் இருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. அன்றும் பூஜ்யம்தான் போட்டேன். கை பழகிவிட்டது.

எட்டு வாரத்தில் நாற்பத்து நான்கு பேர். போன சனிக்கிழமை எல்லாவற்றையும் சேர்த்து எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் குழு வந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் ஓடியது. ஒரு காலைப் பொழுதில் மாற்றிவிட்டார்கள். ஒரே ஒரு காலைப் பொழுதுதான், தம்பி. விசாரணைக்கு ஆள் வரப்போவதாக இன்று சொன்னார்கள்.

அக்கா


மே 16

அக்காவுக்கு,

மாமா எழுந்து உட்காருகிறாரா? நான் சாப்பிடுகிறேனா என்று கேட்காதே.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் பெரிய மருத்துவமனைக்குப் போய் உள் நோயாளிப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கினேன். ஐந்து வருடப் பதிவேடுகள். நோயாளியின் ஊரைப் பார்த்து, எந்த நிலையத்துக்கு உட்பட்டவர் என்று குறித்தேன். இதை ஜனவரியிலேயே செய்திருக்க வேண்டும். பூஜ்யம் போடும் நிலையங்களிலிருந்துதான் அதிகம் பேர் வந்து படுத்திருக்கிறார்கள். கேடயம் வாங்கிய கிழக்கிலிருந்து நூற்றுப் பதினேழு பேர். உன் ஊரிலிருந்து இந்த மார்ச்சுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் பத்தொன்பது. இந்த இரண்டு மாதத்தில் மட்டும் இருபத்தொன்று.

அந்த அளவைக் கண்டுபிடித்த புத்திசாலி யார் என்று பிப்ரவரியில் கேட்டாய். நான்தான். பதில் எழுதும்போது அதை மட்டும் விட்டுவிட்டேன். எண்ணிக்கை குறைந்ததா என்று பார்த்தேன். எழுதிய பிறகு யார் வந்தார்கள், எத்தனை நாளில் வந்தார்கள், வந்தபின் நோய் நின்றதா என்று பார்த்திருக்க வேண்டும். அறிக்கையை முதலிலிருந்து எழுதிவிட்டேன். போன வருடம் நீ ஒன்பது என்று எழுதியபோது இரண்டு வாரத்தில் நோய் நின்றது ஒரு பக்கம். பூஜ்யம் போட்ட எட்டு வாரத்தில் நாற்பத்து நான்கு பேர் இன்னொரு பக்கம். ஒரே ஊர், ஒரே செவிலி. திட்டம் நோயைக் குறைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எந்த நிலையத்திலும் இல்லை. அந்தப் பூஜ்யங்களை எழுதச் சொன்னது இந்த அறிக்கையை எழுதியவன் என்றும் முதல் பக்கத்திலேயே எழுதி, இயக்குநர் கையில் கொடுத்துவிட்டேன்.

தம்பி


மே 28

தம்பிக்கு,

உன் மாமா கஞ்சியை விட்டுத் திட உணவுக்கு வந்துவிட்டார். பத்துக் கிலோ இளைத்திருக்கிறார். முழங்காலுக்குப் பாரம் குறைந்தது என்று அதையும் வேடிக்கையாகச் சொல்கிறார்.

உன் கடிதம் ஒரு நாள் தாமதமாக வந்தது. முந்தின நாள்தான் விசாரணை அதிகாரியிடம், "யாரும் சொல்லல சார், நானாத்தான் எழுதினேன். இடமாற்றத்துக்குப் பயந்துட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் உன் அறிக்கையின் முதல் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டி, "உங்க ரெண்டு பேர்ல யாரு எழுதினது உண்மை?" என்று கேட்டார். என்னுடையது பொய் என்று சொன்னேன். கடைசியில் எனக்குக் கண்டனக் கடிதம் மட்டும்தான். இந்த நிலையத்துக்கு வர வேறு யாரும் தயாராக இல்லையாம், அதனால் இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். உன்னை மதிப்பீட்டுப் பிரிவிலிருந்து தூக்கிப் படிவக் கிடங்கில் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

நீ சொன்னதால் செய்தேன் என்று மனதுக்குள் உன் மேல் பழியைப் போட்டுவிட்டு என்னால் தூங்க முடியவில்லை. நீ சொல்லாமல் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்பதும் உண்மை. உன் மேல் கோபமாக இருக்கிறேன். என் மேல் அதைவிடக் கோபமாக இருக்கிறேன். எதிர்க் கடைக்கு நான் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நீ இங்கே வர நினைத்தால் வா. ஆனால் முதலில் அந்தக் கடைக்குப் போய்விட்டு, பிறகு என் வீட்டுக்கு வா.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா கடை திறந்திருந்ததைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். ஆமாம், ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு வந்திருந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. வர முடியவில்லை.

தையல்காரர் கடையில் தனியாக இருந்தார். பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். நான்தான் பூஜ்யம் போடச் சொன்னேன், அக்காவுக்கு மனமில்லை, வற்புறுத்தினேன் என்று சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தையல் முடிந்ததும் நூலை வெட்டினார்.

"அந்தத் தாள்ல பேர் எழுதுவீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. எத்தனை பேருன்னு மட்டும்தான்."

"என் பொண்ணு சிஸ்டர்கிட்ட முதல்ல வந்தாளே, அந்த வாரம் என்ன எழுதியிருந்துச்சு?"

"பூஜ்யம்."

அவர் தைத்த சட்டையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். "ஒண்ணுன்னு எழுதியிருக்கலாமே சார்" என்றார். "இருந்தாளே அவ."

அடுத்த சட்டையை எடுத்து மிஷினில் வைத்தார். நான் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். அக்கா, நான் வாழ்நாளில் எத்தனையோ எண்களை எழுதியிருக்கிறேன். ஒன்று என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அறிக்கை அச்சுக்குப் போகிறது. என் பெயரை எடுத்துவிட்டார்கள், மற்றதை எடுக்கவில்லை. பழைய தாள்களுக்குத் திருத்தம் அனுப்பினால் ஏற்றுக்கொள்வோம் என்று இயக்குநர் எழுத்தில் கொடுத்திருக்கிறார். படிவக் கிடங்கில் இருப்பதில் ஒரு வசதி, யாரையும் கேட்காமல் புதுத் தாள் எடுக்கலாம். எட்டு ரோஸ் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையாலேயே எழுது. ஆறாம் வாரத்தை முதலில் எழுது.

தம்பி